ஊட்டியில் துகள்களை எண்ணுகிறார்கள்
ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து அதிவேகமாக வரும் துகளான காஸ்மிக் கதிர், ஆற்றல் மிகுந்ததாக ஒரே ஒன்று காற்றில் மோதினால் போதும், லட்சக்கணக்கான துகள்கள் மழையாகக் கொட்டும். 8 மீட்டருக்கு ஒன்றாகப் பரப்பி வைத்த சுமார் 400 சிண்டிலேட்டர்கள் (துகள் பட்டால் ஒளிரும் கருவிகள்) அவற்றை எண்ணுகின்றன. எதில் முதலில் பட்டது, எதில் சில நானோ நொடி தாமதம் என்று பார்த்தே கதிர் வந்த திசையைச் சொல்லிவிடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்குள்ள மியூவான் தொலைநோக்கிதான். மியூவான் என்பது அந்தத் துகள் மழையில் வரும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள். மேலே 2 மீட்டர் கான்கிரீட். எலக்ட்ரான்கள் அதிலேயே நின்றுவிடும், மியூவான்கள் துளைத்துக்கொண்டு இறங்கும். கீழே அடுக்கியிருக்கும் 6 மீட்டர் இரும்புக் குழாய்கள், முன்பு கோலார் தங்கச் சுரங்கத்தில் புரோட்டான் சிதைவை, அதாவது புரோட்டான் தானாகவே உடைகிறதா என்பதை, தேடியவை. எவ்வளவு அருமையான மறுபயன்பாடு! 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கை மாறியதை வைத்துக் காட்டிக்கொடுத்ததும் இதே குழாய்கள்தான்.