நாளுக்கு 25 மணி நேரம்

லிஃப்ட்டில் ஏறினால் காலடியில் கிழமை எழுதியிருக்கும். தினமும் நள்ளிரவு தாண்டியதும் யாரோ ஒருவர் வந்து பழைய விரிப்பை உருவிவிட்டு, அன்றைய கிழமை பொறித்த விரிப்பைப் போட்டுவிட்டுப் போவார். முதல் இரண்டு நாள் இது என்ன வேடிக்கை என்று சிரித்தேன். ஆறாம் நாள் குனிந்து பார்த்துத்தான் இன்று வியாழன் என்று தெரிந்துகொண்டேன்.

நானும் மனைவியும் நவம்பர் மாதத்தில் பார்சிலோனாவில் கப்பல் ஏறினோம். நடுவில், அட்லாண்டிக் கடலில் இருக்கும் டெனெரிஃப் தீவில் ஒரு பகல். அதற்கப்புறம் மயாமி வரை எட்டு நாள் தண்ணீர் மட்டும்தான். கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் உல்லாசக் கப்பல்களில் பல, குளிர் தொடங்கும்போது கரீபியன் பக்கம் இடம் மாறும். வசந்தத்தில் திரும்பி வரும். எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும், வெறும் கப்பலாகப் போவானேன் என்று பயணிகளை ஏற்றிக்கொள்கிறார்கள். துறைமுகங்கள் குறைவு என்பதால் கட்டணமும் குறைவாகவே இருக்கும். ஊர் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது சரிப்படாது.

ஏறிய அன்றே அவசரகாலப் பயிற்சி. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்டினார்கள். ஜிப்ரால்டர் நீரிணையை இரவில் கடந்தோம். மிகக் குறுகலான இடத்தில் அகலம் 14 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஐரோப்பாவின் விளக்குகள், மறுபக்கம் ஆப்பிரிக்காவின் விளக்குகள். அதைப் பார்த்த நல்ல மனநிலையில் தூங்கப் போனேன். விடிந்தபோது அட்லாண்டிக் என்னைக் கவனிக்க ஆரம்பித்திருந்தது.

கேபின் விஷயத்தில் நான் செய்த சிக்கனம்தான் காரணம். கப்பலின் முன்மூக்கில், உயரமான தளத்தில், மலிவாகக் கிடைத்த அறை. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, நீருக்கடியில் கப்பலின் இரு பக்கமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உண்டு. ஆனால் முன்பக்கம் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆட்டம் எங்கள் படுக்கைக்கு நேராக வந்துகொண்டிருந்தது. ஊஞ்சலின் நுனியில் படுத்திருப்பது போல. படிக்கட்டுக் கைப்பிடிகளில் திடீரென்று காகிதப் பைகள் செருகப்பட்டிருந்தன. எதற்கென்று யாரும் விளக்கவில்லை, தேவையும் இல்லை. எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட இந்தோனேசிய இளைஞர் ஒரு தட்டில் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்தார். “கீழ்த்தளத்தில் நடுப்பக்கம் போய் உட்காருங்கள் சார், அங்கே ஆட்டம் குறைவு.” அவர் சொன்ன இடம் நூலகமாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் குடித்தனமே அங்கேதான்.

கடல் நாட்களில் என்ன செய்வீர்கள் என்று பலரும் கேட்டார்கள். தினமும் ஒரு நிகழ்ச்சி நிரல் வரும்: காலையில் வினாடி வினா, பிறகு நடன வகுப்பு, துண்டை மடித்து யானை செய்வது எப்படி, மாலையில் இசை. இரண்டு நாள் விடாமல் ஓடினேன், மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். வெயிலில் போட்ட நாற்காலிகளுக்கு நடக்கும் பனிப்போரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். விடியற்காலையில் துண்டும் புத்தகமும் வைத்து இடம் பிடித்துவிட்டு மதியம் வரை ஆளே வரமாட்டார்கள்.

நான் தவறவிடாத ஒன்று கேப்டனின் நண்பகல் அறிவிப்பு. இருக்கும் இடம், காற்று, அலை, கீழே உள்ள ஆழம். ஒரு நாள் ஆழம் 5,000 மீட்டருக்கு மேல் என்றார். நான் அப்போது நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். ‘ஆழம் 1.5 மீட்டர், கவனம்’ என்று எதிரே பலகை.

இன்னொரு நாள், காற்று 19 நாட் என்று சொன்னார். மணிக்கு 35 கிலோமீட்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேல்தளத்தில் என் மேசையில் இருந்த காகித நாப்கின் அசையவே இல்லை. ஆனால் கடலைப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை நுரை. கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. நாங்கள் 18 நாட் வேகத்தில் மேற்கே போகிறோம், காற்றும் முதுகுப் பக்கமிருந்து கிட்டத்தட்ட அதே வேகத்தில் கூடவே வருகிறது. ஓடும் இரண்டு பேர் தோளோடு தோள் ஓடினால் ஒருவருக்கொருவர் நிற்பது போலத்தானே. இந்தப் பக்கம் வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்று இது. கொலம்பஸ் 1492 செப்டம்பர் 6 அன்று டெனெரிஃப்புக்குப் பக்கத்துத் தீவான லா கோமேராவிலிருந்து கிளம்பி, இந்தக் காற்றை நம்பித்தான் போனார். அக்டோபர் 12 அன்று கரையைத் தொட்டார். 36 நாள். எனக்கு எட்டு நாளில் அலுப்பு வந்துவிடுமோ என்று கவலையாக இருந்தது.

சரி, மணி விஷயத்துக்கு வருகிறேன். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. மேற்கே அவ்வளவு தூரம் போகும்போதெல்லாம் ஒரு மணி நேரம் கையில் வந்து சேரும். டெனெரிஃப்புக்கும் மயாமிக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். அதனால் எட்டு இரவுகளில் ஐந்து இரவு, தலையணைமேல் ஒரு சீட்டு: ‘இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வையுங்கள்.’ முதல் இரவு நான் படுக்கும்முன் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். காலையில் சீட்டைப் பார்த்த மனைவி, அவள் பங்குக்கு இன்னொரு முறை திருப்பி வைத்தாள். உணவுக்கூடத்துக்குப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். “ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றாள். இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்ததே என்று நான் சொன்னது எடுபடவில்லை.

கடிகாரம் ஏமாறும், உடம்பு ஏமாறாது. மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு எனக்கு நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. காபி இயந்திரத்தைத் தேடிப் போனால் அங்கே ஏற்கெனவே ஆறேழு பேர், கலைந்த தலையோடு. நூலகத்தில் 1,000 துண்டு ஜிக்சா புதிர் ஒன்று விரித்துக் கிடந்தது. ஏரிக்கரை வீடும் அதற்கு மேலே பெரிய வானமும். யாரும் யாரையும் அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவோம். வீடு இரண்டே நாளில் முடிந்தது. மிச்சம் எல்லாம் ஒரே நீலம். என் மனைவி மட்டும் வண்ணத்தைப் பார்க்காமல் துண்டுகளை வடிவம்வாரியாகப் பிரித்து வரிசை கட்டினாள். அன்றிலிருந்து அந்த மேசைக்கு அவள்தான் தலைவி. இரவு நிகழ்ச்சிகளில் கூட்டம் குறைய, விடியற்காலை மேசையில் கூட்டம் கூடியது.

அறை உதவியாளரிடம் ஒரு நாள் கேட்டேன், கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வீர்கள் என்று. “தூங்குவேன் சார்,” என்றார், யோசிக்கவே இல்லை. எட்டு மாத ஒப்பந்தம், வாரத்துக்கு ஏழு நாளும் வேலை. “ஏப்ரலில் ஐரோப்பா திரும்பும்போது எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். அப்போது நாள் 23 மணி நேரம். வேலை மட்டும் குறையாது.” சொல்லிக்கொண்டே தலையணை உறையை ஒரே உதறலில் மாட்டினார்.

பாதிக் கடல் தாண்டியதும் பறக்கும் மீன்கள் வந்தன. முதலில் குருவிக் கூட்டம் என்றே நினைத்தேன். கரையில்லாத இடத்தில் குருவி எங்கிருந்து வரும்? அடுத்து சர்காசம் பாசி, பழுப்பு மஞ்சளில், காற்றின் திசைக்குக் கோடு கிழித்தது போல நீளநீளமாக. இருட்டிய பிறகு எங்கள் அறையில் திரையை மூடி வைக்கச் சொல்லி ஒரு பலகை உண்டு. மாலுமிகளின் பார்வைக்கு முன்பக்க வெளிச்சம் இடைஞ்சல். அதே காரணத்தால் முன்தளம் மட்டும் கும்மிருட்டு. அங்கே போய் மல்லாந்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே இடைவெளி தேட வேண்டியிருந்தது. மலிவான கேபினை அப்போது மன்னித்தேன்.

கடைசி இரவு கடிகார மாற்றம் இல்லை. இருந்தும் நாலரைக்கு எல்லோரும் மேசையில் ஆஜர். வானத்தில் இன்னும் கையகலம் ஓட்டை. ஜன்னல் பக்கம் நின்றிருந்த ஒருவர், “விளக்கு தெரிகிறது, மயாமி!” என்றார். எட்டு நாளுக்குப் பிறகு கரை. நான் எழுந்துவிட்டேன்.

“இருங்க,” என்றாள் மனைவி, தலை நிமிராமல். “இந்த நீலத்தை முடிச்சிட்டு வரேன்.”