வெள்ளம் எந்த மாதம் வருகிறது என்பதுதான் விஷயம்

சுமேரியாவையும் எகிப்தையும் ஆற்றங்கரை நாகரிகங்கள் என்று ஒரே பாடத்தில் சேர்த்துக் கட்டிவிடுவது பாடப்புத்தகங்களின் பழக்கம். ஆறு இருந்தது, வண்டல் படிந்தது, விளைச்சல் பெருகியது, ராஜா வந்தார், எழுத்து வந்தது, பாடம் முடிந்தது. எனக்கு இதில் எப்போதும் ஒரு குறை உண்டு. எந்த ஆற்றில் எந்த மாதம் வெள்ளம் வரும் என்று கேட்காமல் விட்டால், இந்த இரண்டு நாட்டுக்காரர்களும் ஏன் இவ்வளவு வேறு மாதிரி வாழ்ந்தார்கள் என்பது பிடிபடவே பிடிபடாது.

முதலில் நைல், அணை கட்டாத காலத்து நைல். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழை நீல நைல் வழியாக இறங்கி வர, ஜூலை வாக்கில் எகிப்தில் தண்ணீர் ஏறத் தொடங்கும், செப்டம்பரில் உச்சத்தைத் தொடும், அக்டோபர் கடந்தால் வடிய ஆரம்பித்துவிடும். அறுவடையோ அதற்கு வெகு முன்பே முடிந்து வயல் வெறுமனே கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஆறு உள்ளே வந்து, வண்டலைப் போட்டுவிட்டு, தானாகவே திரும்பிப் போகிறது. ஈரம் காய்வதற்குள் விதைத்தால் போதும். மண்கரை போட்டு நிலத்தைப் பெரும் பாத்திகளாகப் பிரித்து, தண்ணீரைச் சில வாரம் உள்ளே நிறுத்தி, பிறகு ஆற்றுக்கே திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய ஆண்டே வெள்ளம், விதைப்பு, அறுப்பு என்று நான்கு நான்கு மாதமாக மூன்று பருவம். வெள்ளம் குறைந்த வருடம் பஞ்சம், மிஞ்சிய வருடம் ஊரே முழுகும், அதெல்லாம் உண்டு. ஆனாலும் நேரம் தவறாத ஆறு.

இப்போது சுமேரியா இருந்த அந்தக் காலத் தென் இராக்குக்கு வாருங்கள். டைக்ரிஸுக்கும் யூப்ரடீஸுக்கும் தண்ணீர் வருவது வடக்கே துருக்கி மலைகளில் பனி உருகும்போது, அதாவது ஏப்ரல், மே. பார்லி கதிர் முற்றி அறுவடைக்கு நிற்பதும் அதே சமயம். இலையுதிர் காலத்தில் விதைக்கத் தண்ணீர் வேண்டும் என்று போனால் ஆறு வற்றிக் கிடக்கும். வேண்டாதபோது வருவதைக் கரை போட்டுத் தடுக்க வேண்டும், வேண்டும்போது வராததைக் கால்வாய் வெட்டி இழுத்துவர வேண்டும். வெட்டினால் முடிந்ததா? இந்த ஆறுகளில் வண்டல் மிக அதிகம், கால்வாய் மேடிட்டுக்கொண்டே இருக்கும், தூர் வாரி முடியாது. ஆற்றின் படுகையே சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்து, ஒரு நாள் கரை உடைத்துக்கொண்டு வேறு வழியில் போய்விடும். ‘ஊர்’ என்றே பெயர் கொண்ட நகரம், உருக் போன்ற சுமேரிய நகரங்கள் இன்று ஆற்றை விட்டு விலகிப் பாலைவனத்தில் மேடுகளாகக் கிடக்கின்றன. இந்த இரு ஆற்று நாடான மெசபடோமியாவின் பிற்கால மன்னர்கள் கால்வாய் வெட்டியதை வைத்தே ஆண்டுக்குப் பெயர் வைத்தார்கள் (ஹமுராபியின் 33ஆம் ஆண்டு அப்படித்தான்). கோயிலோ போரோ பெயர் கொடுத்த ஆண்டுகளுக்குச் சமமாக ஒரு வாய்க்காலும் நிற்கிறது என்றால் அது என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் இப்படிப் பங்கு போட்டு வரும்போது சண்டை வராமல் இருக்குமா? உம்மாவும் லகாஷும் பக்கத்துப் பக்கத்துச் சுமேரிய நகரங்கள், உம்மா தலைமடை, லகாஷ் கடைமடை. நடுவே குஏதின் என்ற வளமான நிலம். கிஷ் நகர மன்னர் மெசிலிம் வந்து எல்லை அளந்து கல் நட்டுவிட்டுப் போனார், உம்மாக்காரர்கள் அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். கி.மு. 2450 வாக்கில் லகாஷ் மன்னர் எஅன்னாதும் என்பவர் அவர்களை அடித்து நொறுக்கி, அந்த வெற்றியைக் கல்லில் செதுக்கி வைத்தார். பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது அது. ஒரு பக்கம் கேடயத்தோடு கேடயம் ஒட்டி, ஈட்டி நீட்டி, எதிரிப் பிணங்களை மிதித்து நடக்கும் வீரர்கள். மேலே வெட்டுண்ட தலைகளைக் கவ்விப் பறக்கும் கழுகுகள். மறுபக்கம் நின்கிர்சு தெய்வம் எதிரிகளை ஒரு வலைக்குள் மீன் மாதிரி அள்ளிப் பிடித்திருக்கிறார், வலைக்கு வெளியே தலை நீட்டிய ஒருவன் மண்டையில் கதாயுதத்தால் அடி விழுகிறது. அப்புறமும் ஓயவில்லை. லகாஷின் நிலத்தை உழுததற்கு உம்மா தர வேண்டிய பார்லி, வட்டிக்கு மேல் வட்டி ஏறிக் கொடுக்கவே முடியாத கடனாகிவிட, உம்மாவின் உர்லும்மா எல்லைக் கால்வாய்த் தண்ணீரைத் திருப்பிவிட்டார். தலைமுறை தலைமுறையாக இழுத்த இந்தச் சண்டையில், கடைசியில் உம்மாவின் லுகல்ஸகேசி லகாஷைச் சூறையாடினார், அவரையும் அக்காதின் சார்கோன் வந்து பிடித்துக்கொண்டு போனார். ஆக இருவருக்கும் மிச்சமில்லை.

கணக்கு எழுதும் வெறியும் இங்கிருந்துதான் என்பது என் எண்ணம். உருக்கில் கிடைத்த, கி.மு. 3200 வாக்கில் எழுதப்பட்ட களிமண் பலகைகளில் பெரும்பாலும் கவிதையும் இல்லை, கடவுளும் இல்லை. பார்லி, பீர், ஆடு, ஆள்கூலி. ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதம், குஷிம் என்று இருக்கிறது. குஷிம் ஆளின் பெயரா பதவியின் பெயரா என்று இன்னும் வாதாடுகிறார்கள், எப்படியும் கையெழுத்துப் போட்டது ஒரு கணக்கப்பிள்ளைதான். எகிப்தியர்களும் கணக்கில் சளைத்தவர்கள் இல்லை. செங்கடல் ஓரம் வாதி அல் ஜர்ஃபில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல் தாளில், மெரர் என்ற மேற்பார்வையாளர், தூராவிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கீஸாவில் மன்னர் கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். வெள்ளம் ஏறிய காலத்தில் கல்லைப் பிரமிடுக்குப் பக்கத்திலேயே மிதக்கவிட்டுக் கொண்டுவர முடிந்தது. சுமேரியனைப் பயமுறுத்தும் வெள்ளம் எகிப்தியனுக்குப் பாரவண்டி.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது உப்பு. வெயில் கொளுத்தும் நாட்டில், தட்டையான நிலத்தில் வடிகால் இல்லாமல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறும், நீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். கோதுமைக்கு உவர் ஆகாது, பார்லி ஓரளவு தாங்கும். தெற்குச் சுமேரியாவில் நூற்றாண்டுகள் போகப்போகக் கோதுமை குறைந்து பார்லி ஏறியதற்கு உப்புதான் காரணம் என்று 1958இல் ஆய்வாளர்கள் தோர்கில்ட் யாகோப்சனும் ராபர்ட் ஆடம்ஸும் எழுதினார்கள். உப்பு மட்டுமே சுமேரியாவைக் கவிழ்த்தது என்பதை எல்லோரும் ஏற்கவில்லை, நானும் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனால் வயலில் வெள்ளையாகப் பூத்ததை ஒதுக்கிவிடவும் முடியாது.

நைல் பக்கம் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம் அதே வெள்ளம்தான். ஆண்டுக்கொரு முறை நிலத்தைக் கழுவி, உப்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்ததும் அந்தக் கழுவல் நின்றது. ஆண்டு முழுக்கப் பாசனம், இரண்டு மூன்று போகம், கூடவே மேலேறும் நிலத்தடி நீரும் உவரும். சுமேரியன் கண்ட வெள்ளைப் பூச்சு இன்று நைல் டெல்டாவில் தெரிகிறது, வயலுக்கு அடியில் லட்சக்கணக்கான ஏக்கருக்கு வடிகால் குழாய் பதித்து அதை வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.