வயலின் பெட்டி

மகள் பெங்களூரு கனகபுரா சாலைப் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் ஐபி (பிளஸ் டூவுக்குச் சமமான சர்வதேச டிப்ளமோ) முதல் வருடம். ஞாயிறு மட்டும்தான் போன். போன வாரம் எடுத்ததுமே, "அப்பா, வயலினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள்.

6 பாடம். 4,000 சொல்லுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை வேறு. இது போக சிஏஎஸ் என்று ஒன்று: கலை, விளையாட்டு, சேவை மூன்றையும் 18 மாதம் விடாமல் செய்ய வேண்டும். மார்க் கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமோவும் கிடையாது. நல்ல கூத்து!

சரி என்று நேற்று அல்சூரிலிருந்து டிராஃபிக்கில் நீந்திப் போனேன். பெட்டியைத் திறந்தால் வில்லுக்குப் பக்கத்தில் மடித்த கெமிஸ்ட்ரி தாள்கள், வில்லில் தேய்க்கும் ரோசின் தூள் படிந்து. விளக்கு அணைத்த பிறகு பாத்ரூம் வெளிச்சத்தில் படித்ததாம்.

"கூடைப்பந்தை விட்டுடலாமேம்மா?"

முறைத்தாள். (அவள் அம்மாவின் அதே முறைப்பு.)

அரை மணி நேரப் பேச்சுவார்த்தை. விவாத மன்றம் போனது, கூடைப்பந்து தப்பியது, வயலின் வாரம் இரண்டு நாள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு அழுக்குத் துணி மூட்டையோடு திரும்பினேன். முறுக்கு டப்பா மட்டும் நான் கேட்டைத் தாண்டுவதற்குள் காலி.