திரும்பத் திரும்ப வந்த இடுப்பு வலியும் நான் மீண்ட விதமும்

சில வருடங்களாக இடுப்பு வலி வருவதும் போவதுமாக என்னைப் படுத்தியெடுத்தது. பெங்களூரு அல்சூரில் வீடு, ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு, பிதுங்கியிருப்பதாக வந்தது. ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரி மனதில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் கேன் தூக்குவதையும் கோலம் போடக் குனிவதையும் விட்டேன். இடுப்பைத் தாங்கும் பெல்ட் இல்லாமல் மெட்ரோ ஏறவே பயம்.

அப்புறம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். வேலூர்ப் பெண். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "வலியே இல்லாதவங்களுக்கும் இது இருக்கும்க்கா" என்றார். உண்மைதான். வலி இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். அடுத்து அவர் கேட்டது: "குனியும்போது வலிக்குதா, இல்ல வலிக்கப் போகுதுன்னு பயமா இருக்கா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவர் சொன்னதும் நான் பிறகு படித்ததும் சேர்ந்து புரிந்தது இது. தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்பு முனைகள் 'இங்கே ஆபத்து' என்ற தகவலைத்தான் அனுப்புகின்றன. அதை வலியாக உணரவைப்பது மூளை. வழியில், தண்டுவடத்திலேயே அந்தத் தகவல் கூடலாம், குறையலாம். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி மட்டுப்படுவது இதனால்தான். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் இதை, தண்டுவடத்தில் வலித் தகவலுக்கு ஒரு கதவு இருப்பது போல, கதவுக் கோட்பாடாக முன்வைத்தார்கள். மூளையும் மேலிருந்து வலியை அடக்கும் உத்தரவுகளை அனுப்புகிறது. தூக்கமின்மையும் பதற்றமும் நீடித்தால் அந்த அடக்கும் வேலை தளர்ந்துபோகலாம். காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்பணுக்களே சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் கொடுக்கத் தொடங்கும் என்று 1983-ல் கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் காட்டினார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்களே, அந்த மாதிரி. எல்லாருடைய இடுப்பு வலிக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்போ எல்லாம் உன் மனசுலதான்" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நரம்பு மண்டலமும் உடம்புதான். வலி நிஜம்.

சிகிச்சை மெதுவாகத்தான் நடந்தது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி குனிவது, பிறகு நின்றபடி, பிறகு அரை வாளித் தண்ணீரோடு. லேசாக வலித்து மறுநாளைக்குள் அடங்கினால் தொடரலாம் என்பது அவர் எனக்குச் சொன்ன கணக்கு. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லியிருக்கிறது. தூக்கம், வேலை, வலி மூன்றையும் நோட்டில் எழுதிவந்தேன். பளு தூக்கிய நாட்களைவிட, மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் தூக்கம் கெட்ட நாட்களில்தான் வலி அதிகம்.

போன மார்ச்சிலும் வலி வந்தது. படுத்துவிடாமல் அல்சூர் ஏரிப் பக்கம் மெதுவாக நடந்தேன், நேரத்தோடு தூங்கினேன், கேனை மட்டும் சில நாள் மகனிடம் விட்டேன். சீக்கிரமே அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும்: கால் பலவீனமாகிக்கொண்டே போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ இந்த விளக்கங்களையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.