சிந்துபால்சோக்கில் மண்கல் வீடு கட்டிய அனுபவம்

"மண்ணும் கல்லும் விழுந்துதானே இத்தனை பேர் செத்தார்கள், மறுபடியும் மண்ணா?" நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் நாங்கள் வேலை செய்த ஊரில் எல்லோரும் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. 2015 ஏப்ரல் 25-இல் வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் அந்த மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்தவற்றில் பெரும்பாலானவை கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய வீடுகள். மூலையில் சுவரோடு சுவரைப் பிணைத்துப் பிடிக்க ஒன்றும் இல்லை.

நான் புதுச்சேரி அருகே, மண் கட்டுமானம் கற்றுத்தரும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் பயிற்சி எடுத்தவன். மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அச்சில் அழுத்திச் செய்யும், ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும் துளையுள்ள இன்டர்லாக் மண்கல்லை அங்கேதான் கற்றேன். 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத் அரசு அனுமதித்த முறை அது. சூளையும் நிலக்கரியும் வேண்டாம், சிமென்ட் கொஞ்சம் போதும். ஆனால் வீட்டை இழந்தவர்களிடம் கார்பன் கணக்கைப் பேசுவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அவர்களுக்குக் கம்பியைத்தான் காட்டினோம்: அடித்தள பீமிலிருந்து எழும் கம்பி கல்லின் துளை வழியே கூரை மட்டம் வரை போகும், மூலைகளிலும், கதவு ஜன்னல் ஓரங்களிலும். அப்புறம் ஜன்னலுக்குக் கீழேயும் மேலேயும் வீட்டைச் சுற்றி பெல்ட் கான்கிரீட், அதாவது சுவர்களை ஒன்றாகக் கட்டிப் பிடிக்கும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை.

அதிக நேரம் பிடித்தது மண்தான். மேல்மண்ணை ஒதுக்கி, அடிமண்ணைச் சலித்து, களி அதிகமென்றால் ஆற்றுமணல் சேர்க்க வேண்டும். ஈரம் பார்க்க ஒரு பிடி கலவையை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போடுவோம். நான்கைந்து துண்டானால் சரி. பொடியானால் தண்ணீர் போதாது, உடையாமல் கிடந்தால் அதிகம். சிமென்ட் கலந்தபின் அரைமணி நேரத்துக்குள் அச்சில் அழுத்திவிட வேண்டும். பிறகு நான்கு வாரம் கியூரிங், அதாவது கல்லை ஈரம் காயாமல் வைத்து இறுக விடுவது. அந்த ஊர் அக்காக்கள் கொஞ்ச நாளிலேயே கையில் பிடித்த மாத்திரத்தில் ஈரத்தைச் சொல்லிவிட்டார்கள்.

வீடு கட்ட அப்போது கிடைத்த அரசு உதவி 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையில்: 50 ஆயிரம், ஒன்றரை லட்சம், 1 லட்சம். முதல் தவணைக்குப் பின் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது. அதனால் கான்கிரீட் மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு மூலையின் கம்பியையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்தோம். ஓரிடத்தில் கம்பி இணைப்பு நீளம், அதாவது இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று ஒட்டிப் போகும் நீளம், போதவில்லை என்றார் பொறியாளர். பிரித்து மறுபடி கட்டினோம். அந்த வேலை முடிந்ததும் இரண்டாம் தவணைக்குக் கையெழுத்துப் போட்டார். முதலில் கேள்வி கேட்ட பெரியவர் தன் மனையிலும் குழி தோண்டி மண் எடுத்து வந்து, சலித்துப் பார்க்கச் சொன்னார்.