எந்த மொழியில் கதைக்க விருப்பம்?

அண்ணா வவுனியாவில் இறந்தது 2022 மார்கழியில். மாரடைப்பு, வயது 52. நான் லீவு கேட்டு டிக்கெட் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டை லண்டனில் இருந்து வாட்ஸப்பில் பார்த்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். அழக்கூட இல்லை.

எனக்கு டவர் ஹில் பக்கம் ஒரு கட்டடத்தில் துப்புரவு மேற்பார்வை வேலை. விடிய முதல் ரயிலில் போகவேண்டும். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் கிழக்கே இருந்து வரும்போது நிலத்துக்கு மேலேதான் வரும். பவ் ரோட்டுக்குக் கிட்டத்தான் நிலத்துக்குள் இறங்கும். தை மாதக் கடைசியில் ஒரு நாள், அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியதும் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. விரல்கள் விறைத்தன. தொண்டையை யாரோ பொத்திப் பிடித்ததுபோல மூச்சு உள்ளே போகவில்லை. அண்ணாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். மைல் எண்டில் இறங்கி வாங்கில் சாய்ந்தேன். யாரோ அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை, இரத்தத்திலும் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். மூன்றாவது தடவை பார்த்த டொக்டர்தான், இது பானிக் அட்டாக்காக, அதாவது திடீரென்று உடம்பையே ஆட்டுகிற பயமாக இருக்கலாம், ஜீ.பி.யிடம் (குடும்ப டொக்டரிடம்) போங்கள் என்றார். நெஞ்சு நோவு வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், அதில் நான் செய்தது பிழையில்லை. ஆனால் இதயத்தில் பிழையில்லை என்று சொன்ன பிறகும் ஏன் நெஞ்சு அப்படி இடிக்கிறது என்று யாரிடம் கேட்பது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஜீ.பி. இரண்டு வழி சொன்னார்: குளிசை, அல்லது கதைக்கிற வைத்தியம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். குளிசை எடுத்துச் சுகப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் முதலில் கதைத்துப் பார்க்கிறேன் என்றேன். கடிதம் எழுதித் தருவார் என்று காத்திருந்தால், அவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்து, நீங்களே விண்ணப்பிக்கலாம் என்றார். அரசாங்கச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். நடத்துகிற கதைக்கிற வைத்தியம் அது; என்.எச்.எஸ். டோக்கிங் தெரப்பீஸ் என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் ஒரு ஜீ.பி.யிடம் பதிந்திருந்து, 18 வயதும் ஆகியிருந்தால், யாருடைய கடிதமும் இல்லாமல் நாங்களே படிவம் நிரப்பலாம், அல்லது போன் எடுத்துக் கேட்கலாம். காசு இல்லை. இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நான் அதைக் கெடுத்துக்கொண்டேன். படிவத்தில் 'எந்த மொழியில் கதைக்க விருப்பம்?' என்று ஒரு கேள்வி இருக்கும். தமிழ் என்று போட்டால் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று போட்டேன். கடையிலும் வேலையிலும் சமாளிக்கிற ஆங்கிலம் என்னிடம் இருக்கிறது. நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்கிற ஆங்கிலம் இல்லை. போன் வந்த அன்று 16 வயது மகளைப் பக்கத்தில் இருத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

முதல் சந்திப்பில் எல்லோரிடமும் இரண்டு கேள்விப் பட்டியல் கேட்பார்கள். ஒன்று மனச்சோர்வுக்கு, 9 கேள்வி. மற்றது பதகளிப்புக்கு (ஓயாத பயத்துக்கும் பதைபதைப்புக்கும்), 7 கேள்வி. போன இரண்டு கிழமைக்குள் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி.

"அப்பா, எதிலயும் விருப்பமில்லாமல் இருந்ததோ எண்டு கேக்கினம்."

"இல்லையெண்டு சொல்லு."

"நித்திரை?"

"பரவாயில்லையெண்டு சொல்லு."

ஒன்பதாவது கேள்வி வந்தபோது அவளுடைய குரல் சிறுத்துவிட்டது. செத்துப்போனால் நல்லம் என்றோ, தன்னைத் தானே ஏதும் செய்துகொள்ளலாம் என்றோ நினைத்தது உண்டா என்பது அந்தக் கேள்வி. அதை அவள் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சீ, அப்பிடி ஒண்டும் இல்லை" என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது? விடியாமல் போனால் நல்லம் என்று படுத்த இரவுகள் எனக்கு இருந்தன. அது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

புள்ளி குறைவு என்று கடிதம் வந்தது. நித்திரை பற்றி ஒரு சிறு புத்தகமும் வந்தது. மறுமுனையில் ஒரு பிள்ளைதான் மொழிபெயர்க்கிறது என்று கேட்டவுடனேயே அவர்கள் நிறுத்தி, வேறொரு நாள் ஆள் வைத்துக் கேட்டிருக்கவேண்டும். இதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் பிள்ளையை அந்தக் கதிரையில் இருத்தியவன் நான். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதேங்கோ. மொழிபெயர்ப்பாளரை அவர்களே தருவார்கள், அதற்கும் காசு இல்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ரயிலை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். இரண்டு பஸ் மாறவேண்டும், விடிய மூன்று மணிக்கு எழும்பவேண்டும். ஒரு நாள் இரவு மனைவி கேட்டா: "என்னப்பா, தமிழிலை கதைக்க ஆள் கேட்டுப் பாத்தா என்ன?"

எனக்கு அதற்கும் பயம் இருந்தது. ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போனால் பத்துப் பேர் சுகம் விசாரிக்கிற ஆள் நான். மொழிபெயர்க்க வருகிறவர் நாளைக்குக் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்றால்? 'அவருக்கு விசராம்' என்று ஒரு சொல் வெளியே போனால் அது திரும்பி வராது, மகளின் கலியாணம் வரைக்கும் கூட வரும். அவர்கள் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அந்தப் பயம் போயிருக்காது. ஆகவே இரண்டாவது தடவை படிவத்தில் தமிழ் என்று போட்டு, 'இந்தப் பகுதியைச் சேராத ஒருவர் வேண்டும்' என்றும் எழுதினேன். அப்படிக் கேட்கலாமா என்று தெரியாமல்தான் எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். வீடியோவில் வந்தவர் வேறு நகரத்தில் இருக்கிற, திருச்சியில் பிறந்த ஒரு பெண்.

பதகளிப்புக் கேள்விகள் தொடங்கின. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஒரே அந்தரமாயிருக்கு" என்றேன். அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"அண்ணா, அந்தரம்னா என்னங்க? எங்க ஊர்ல அந்தரத்துல தொங்குறதுன்னுதான் சொல்வோம்."

எனக்கு அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லவேண்டி வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இருந்த இடத்தில் இருக்கேலாது, எங்கேயோ ஓடவேணும்போல இருக்கும், ஏதோ நடக்கப்போகுது எண்டு நெஞ்சு சொல்லிக்கொண்டே இருக்கும், ஆனா என்ன எண்டு சொல்லாது என்றேன். சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. "சரிங்கண்ணா, நாங்க அதைப் பதட்டம்னு சொல்லுவோம். ஆனா நீங்க சொன்னதை அப்படியே சொல்றேன்" என்று ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு வந்த மாதங்களில் "இந்தக் கிழமை அந்தரம் நூறுக்கு எத்தனை?" என்றுதான் என்னிடம் கேட்பார்கள்.

அன்று ஒன்பதாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். சில நாட்கள், 1. உடனே பொலிஸ் வரும், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார்கள் என்று எங்கள் சனத்துக்குள் ஒரு கதை உலாவுகிறது. எனக்கு நடந்தது இதுதான்: எப்படிச் செய்ய நினைத்தீர்கள், ஏதும் ஆயத்தம் செய்தீர்களா, செய்யாமல் உங்களைப் பிடித்துவைத்தது எது என்று ஆறுதலாகக் கேட்டார்கள். இது அவசரச் சேவை இல்லை, அந்த எண்ணம் கூடினால் காத்திருக்காதேங்கோ என்று இலக்கங்கள் தந்தார்கள். இப்போது 111 அடித்து 2ஐ அழுத்தினால் மனநலப் பிரிவுக்குப் போகும். மனம் நொந்தவர்கள் கதைக்கிற சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 116 123, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், காசில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் 999.

பதகளிப்பு 21க்கு 17, மனச்சோர்வு 27க்கு 14. பதகளிப்பில் 8உம் அதற்கு மேலும், மனச்சோர்வில் 10உம் அதற்கு மேலும் வந்தால் உதவி தேவைப்படுகிற அளவு என்று கணக்கு. அதே ஆள்தான், நான்கு மாதம்தான் இடைவெளி. பயம் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் இரண்டு கடிதத்துக்கும் உள்ள தூரம் மொழியால் வந்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்பதால் வந்தது.

பிறகு காத்திருப்பு. நூற்றுக்கு 75 பேருக்கு 6 கிழமைக்குள்ளும், 95 பேருக்கு 18 கிழமைக்குள்ளும் தொடங்கவேண்டும் என்பது அவர்களுக்கு உள்ள இலக்கு. எனக்கு அந்தக் கேள்விச் சந்திப்பு மூன்று கிழமையில் கிடைத்திருந்தது. சி.பி.டி. (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற கதைக்கிற வைத்தியம்) தொடங்க மேலும் மூன்று மாதம் ஆனது. போனை எடுக்காமல் விட்டால் பெயரை வெட்டிவிடக்கூடும் என்பதால், தெரியாத இலக்கம் வந்தாலும் எடுத்துக்கொண்டிருந்தேன். பலருக்கு முதலில் பயிற்சிப் புத்தகத்தோடு போனில் அரை மணித்தியாலச் சந்திப்புகள்தான் கொடுப்பார்கள். சிலருக்கு அதுவே போதும்.

எனக்கு 12 சந்திப்பு. ஒரு சுகாதார நிலையத்தின் மாடியில் சின்ன அறை. தெரபிஸ்டும் நானும், மேசையில் மடிக்கணினி, அதற்குள் திருச்சிப் பெண். மொழிபெயர்ப்புக்கு நேரம் போகும் என்று ஒன்றேகால் மணித்தியாலம் தந்தார்கள். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கதையுங்கள் என்று தெரபிஸ்ட் முதல் நாளே சொன்னார். பழக இரண்டு கிழமை எடுத்தது.

இரண்டாவது சந்திப்பில் ஒரு தாளில் வட்டம் வரைந்தார். நெஞ்சு கொஞ்சம் துடிக்கிறது. 'மாரடைப்பு' என்று மனம் சொல்கிறது. பயம் வருகிறது. பயத்தில் நெஞ்சு இன்னும் துடிக்கிறது. மனம் 'பார், சொன்னேன்தானே' என்கிறது. இந்த வட்டத்தை டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் எழுதியதாகச் சொன்னார். அவரும் ரிச்சர்ட் லேயார்ட் என்ற பொருளியலாளரும் சேர்ந்துதான் இந்தச் சேவையையே கேட்டு வாங்கியவர்களாம். முதலில் 2006இல் இரண்டே இடத்தில் நடத்திப் பார்த்தார்கள். ஒன்று டொன்காஸ்டர். மற்றது எங்களுக்குப் பக்கத்து நியூஹாம், எங்கள் சனம் நிறைந்த ஈஸ்ட் ஹாம் இருக்கிற அதே நியூஹாம். ஜீ.பி. அனுப்பி வந்தவர்களைவிட, தாங்களாகவே வந்தவர்களில்தான் அந்த ஊரின் எல்லா இனத்து ஆட்களும் கூடுதலாக இருந்தார்கள் என்று அங்கே கண்டார்கள். நாங்களே படிவம் நிரப்பலாம் என்ற கதவு திறந்து கிடப்பதற்கு அங்கே வந்து கதைத்தவர்களும் ஒரு காரணம். அதைக் கேட்டபோது அவர்களில் ஒருவரையாவது கண்டு நன்றி சொல்லவேண்டும்போல இருந்தது.

நான்காவது சந்திப்பை நான் மறக்கமாட்டேன். என் ஈ.சி.ஜி. முடிவுகளை ஜீ.பி.யிடம் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு நிமிடம் வேகமாக மூச்சு விடுவோம், நானும் உங்களோடு செய்கிறேன்" என்றார் தெரபிஸ்ட். போனில் நேரம் வைத்தார். இருவரும் எழும்பி நின்று, ஓடி வந்தவர்கள் இளைப்பதுபோல வாயால் மூச்சு விட்டோம். அரை நிமிடத்தில் உதடு கூசியது. ஒரு நிமிடத்தில் விரல்கள் விறைத்தன. பிறகு தலை சுற்றியது, நெஞ்சு இறுகியது. கதிரையைப் பிடித்தேன். எல்லாமே பவ் ரோட்டில் வந்த அதே ஒழுங்கில் வந்தன. மணி அடித்ததும் இருந்தோம். அவருக்கும் முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. "எனக்கும் விரல் விறைக்கிறது" என்று கையை உதறினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மாரடைப்பு வருமான்னு கேக்கிறாங்கண்ணா" என்றார் திருச்சிப் பெண்.

அண்ணா செத்ததற்கு அன்றுதான் அழுதேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மிச்சமெல்லாம் வீட்டுவேலை, கஷ்டமான வீட்டுவேலை. நான் எப்போதும் சட்டைப் பையில் அஸ்பிரின் வைத்திருப்பேன், கதவுக்குக் கிட்ட மட்டும் நிற்பேன், ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் நாடி பார்ப்பேன். காப்பாற்றுவதாக நான் நினைத்த இவைதான் பயத்தை உயிரோடு வைத்திருந்தனவாம். ஒவ்வொன்றாக விடவேண்டும். ஜீ.பி. அந்த அஸ்பிரினை எனக்குத் தரவில்லை, பயத்தில் நானே வாங்கியது என்பதால் அதுவும் போனது. பிறகு ரயில். முதல் கிழமை பவ் ரோடு வரைக்கும். அடுத்த கிழமை மைல் எண்ட். அந்தரம் நூறுக்கு 90இல் ஏறும், இறங்கி ஓடாமல் நின்றால் அது தானாக இறங்கும். கொப்பியில் தமிழில்தான் எழுதினேன்: ஏறும்போது 90, ஸ்டெப்னி கிரீனில் 70, வைட்சப்பலில் 40. ஒரு கிழமை ஒன்றும் செய்ய முடியாமல் பஸ்ஸுக்குத் திரும்பினேன். அதையும் போய்ச் சொன்னேன். கடைசிச் சந்திப்பில் பதகளிப்பு 6, மனச்சோர்வு 5.

கடைசி வீட்டுவேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். அண்ணா செத்த பிறகு அண்ணியோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் நான் கதைக்கவில்லை. காசு கிடைத்ததா, பிள்ளைகள் படிக்கிறார்களா, சரி வைக்கிறேன். எப்படி நடந்தது என்று அவ சொல்லத் தொடங்கிவிடுவா என்ற பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளையும் மனைவியையும் கடைக்கு அனுப்பிவிட்டு எடுத்தேன்.

"அண்ணி, அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எனக்கு வடிவாச் சொல்லுங்கோ."

அண்ணாவுக்குப் பத்து வருடமாக நீரிழிவு. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவதில்லை. நெஞ்சு நோவை வாய்வு என்று சொல்லி ஒரு கிழமையாக மறைத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. கடைசியாக அவர் கேட்டது தேத்தண்ணியாம், அவ அடுப்படிக்குள் நிற்கும்போது கதிரை விழுந்த சத்தம் கேட்டதாம். அதை யாரும் இதுவரை தன்னிடம் கேட்கவில்லை என்று சொல்லி அழுதா. நித்திரை இல்லை என்றும் சொன்னா. அங்கே 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலும் கதைக்கலாம் என்று சொன்னேன், எழுதச் சொன்னேன், எழுதினா. பிறகு அண்ணா சின்ன வயதில் குளத்தில் எனக்கு நீந்தப் பழக்கியதைப் பற்றிக் கதைத்தோம். ஒன்றரை மணித்தியாலம் போனது தெரியவில்லை. மகள் கடையால் வந்து கதவைத் தட்டும்போது நாங்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தோம்.