ஏலியனைவிட கம்பெனிதான் பயங்கரம்

'ஏலியன்: ரோமுலஸ்' (2024) பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் முகத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த ஜந்துவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது ஆரம்பத்தில் வரும் ஒரு கவுன்ட்டர் காட்சி. (கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

வெயிலே படாத சுரங்கக் காலனி. ஒப்பந்த நேரத்தை முடித்துவிட்ட ரெயின், வேறு கிரகத்துக்குப் போக அனுமதி கேட்டு நிற்கிறாள். வேலை நேரக் கோட்டாவை ஏற்றிவிட்டோம், இன்னும் சில வருஷம் வேலை பார்க்கணும் என்று பதில் வருகிறது. உங்கள் சேவைக்கு நன்றி என்று வேறு! வேலையை விட்ட பிறகும் ரிலீவிங் லெட்டருக்காக அலைந்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும். எனக்குப் புரிந்தது.

இந்தத் தொடரின் உயிரே அதுதான். 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படத்திலேயே, ஜந்து வருவதற்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் போனஸ் சரியில்லை என்று புலம்புவார்கள். அப்புறம்தான் தெரியவரும், ஜந்து பத்திரமாக வந்தால் போதும், ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்பதுதான் கம்பெனி உத்தரவு என்று. இதே தொடரில் 2012-இல் வந்த 'ப்ரொமீதியஸ்' மனிதனைப் படைத்தது யார் என்று தத்துவம் பேசப் போய், இந்தப் பாட்டாளிகளை மறந்தே விட்டது.

ரோமுலஸில் அதை மீட்டுக் கொண்டுவருவது ஆண்டி என்ற ரோபோ. திக்கித் திக்கி மொக்கை ஜோக் சொல்லும் அவனுக்கு ஒரே கட்டளை: ரெயினுக்கு எது நல்லதோ அதைச் செய். வேறொரு ரோபோவின் சிப்பைச் செருகியதும் திக்கல் போகிறது, முதுகு நிமிர்கிறது, கட்டளையும் கம்பெனியின் நலன் என்று மாறிவிடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ரெயினின் தோழி கே கதறுகிறாள். ஆண்டி திறக்க மாட்டேன் என்கிறான். ஆண்டியாக வரும் டேவிட் ஜான்ஸன் கண்ணாலேயே இரண்டு ஆட்களாக நடித்திருக்கிறார்.

குறையும் உண்டு. முதல் படத்தில் ரோபோவாக நடித்து, 2020-இல் இறந்துபோன இயன் ஹோமின் முகத்தை மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான், ஆனாலும் வாய் அசையும்போது பார்க்க முடியவில்லை. இதே தொடரின் 1986 படமான 'ஏலியன்ஸ்'-இன் புகழ்பெற்ற வசனத்தை ஆண்டி வாயில் திணித்ததற்குத் தியேட்டரில் கைதட்டினார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது.

பழசை நம்பாத இடத்தில் இயக்குநர் ஃபெடே ஆல்வாரெஸ் பின்னியிருக்கிறார். ஜந்துவின் ரத்தம் அமிலம், சுட்டால் அவர்கள் இருக்கும் விண்வெளி நிலையத்தையே ஓட்டை போட்டுவிடும். அதனால் ரெயின் ஈர்ப்பு விசையை நிறுத்திவிட்டுச் சுடுகிறாள். அமிலம் கீழே விழாமல் அந்தரத்தில் சுழல்கிறது, அதற்கு நடுவில் நீந்தித் தப்பிக்க வேண்டும். இத்தனை படங்களில் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!